அரசு சித்த மருத்துவர்களுக்கு வேலையில் உற்சாகம் எங்கிருந்து வருகிறது? கடத்தூர் முதல் தாய்லாந்து வரை... முழு விளக்கம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா, கடத்தூர் பக்கத்து கிராமம் ஒன்று. முழங்கால் வலியோடு ஒரு ஆயா காலையிலேயே பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்கு வருகிறார். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் கேட்கிறார்.

"சித்தா டாக்டரு இருக்காருங்களா?"

"இன்னைக்கு கேம்ப்புக்குப் போயிட்டாருங்க ஆயா. நாளைக்கு வாங்க."

"எண்ணெய் மட்டும் குடுத்தீங்கன்னா போதும் சாமி."

"அது ஸ்டாக் இல்லீங்க. வந்ததும் தர்றோம்."

இந்த நான்கு வரி பேச்சு தமிழ்நாட்டில் பலருக்குப் பழகிப்போனதுதான். இதில் ஆயாவின் கஷ்டம் நமக்கு உடனே தெரியும். ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் சித்த மருத்துவரின் நிலை என்ன? அவர் எதற்காக தினமும் ஆர்வமாக வேலைக்கு வரவேண்டும்? எது அவரை உற்சாகப்படுத்துகிறது, எது சோர்வடைய வைக்கிறது?

'டாக்டர் மனசு' சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவருக்கு ஈடுபாடு குறைந்தால் அது நேராக நோயாளியின் தலையில்தான் விடியும். தாய்லாந்தில் பாரம்பரிய மருத்துவப் பணியாளர்களின் வேலை ஊக்கம் ஒரு ஆய்வுப் பொருளாகவே இருக்கிறது. நம் ஊர் நிலவரம் என்ன? பார்ப்போம்.

அரசு மருத்துவமனைக்குள் சித்தா எப்படி வந்தது?

இதற்கு நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அன்றைய சென்னை மாகாண அரசு, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 1923-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதாவது, குரு - சீடன் முறையிலும் குடும்ப வழியிலும் கற்ற வைத்தியம், வகுப்பறைக்கும் தேர்வுக்கும் வந்தது அப்போதுதான்.

அதன் பிறகு நடந்த முக்கியமான மாற்றங்கள்:

• 1964 - பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடக்கம்.

• 1970 - சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை.

• 1983 - அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து தயாரித்துக் கொடுக்கும் 'டாம்ப்கால்' நிறுவனம் தொடக்கம்.

• 2005 - தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறப்பு. அதே ஆண்டு ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கமும் தொடங்கியது.

• 2014 - மத்திய அரசில் 'ஆயுஷ்' தனி அமைச்சகம் ஆனது. தேசிய ஆயுஷ் இயக்கமும் அதே ஆண்டில்தான் வந்தது.

இதில் 2005 ரொம்ப முக்கியம். 'ஒரே கூரையின் கீழ் இரண்டு மருத்துவம்' என்ற யோசனை நாடு முழுக்கப் பரவியது அதன் பிறகுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பக்கம் ஆங்கில மருத்துவம், இன்னொரு அறையில் சித்தா அல்லது வேறொரு இந்திய மருத்துவ முறை. நோயாளி தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் இப்படி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சித்தா பிரிவுகள் இயங்குகின்றன.

சித்த மருத்துவர் ஆக என்ன படிக்க வேண்டும்?

பி.எஸ்.எம்.எஸ். என்பது ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நாலரை ஆண்டு வகுப்பு, ஒரு ஆண்டு பயிற்சி மருத்துவர். சேருவதற்கு நீட் எழுத வேண்டும். காலக் கணக்கில் பார்த்தால் எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் படிக்க வேண்டும். கூடவே நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வும் படிக்க வேண்டும். மேற்கொண்டு எம்.டி. படிக்க இன்னும் மூன்று ஆண்டுகள்.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். பணியின் பெயர் 'உதவி மருத்துவ அலுவலர் (சித்தா)'. மாவட்ட அளவில் இவர்களுக்கு மேலே இருப்பவர் மாவட்ட சித்த மருத்துவ அலுவலர்.

ஐந்தரை வருஷம் படித்து, தேர்வெழுதி, டாக்டராக வந்து உட்காரும் ஒருவரை வெளியே பலர் 'நாட்டு வைத்தியர்' என்றே சொல்கிறார்கள். நாட்டு வைத்தியர் என்பது கேவலமான சொல் இல்லை. ஆனால் பட்டம் பெற்ற பதிவு மருத்துவரையும், பட்டமே இல்லாமல் கிளினிக் போட்டிருப்பவரையும் ஒரே சொல்லில் அடக்கினால் படித்தவருக்கு எப்படி இருக்கும்? போலி மருத்துவர் கைது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தக் குழப்பம் அவர் மேலும் ஒரு நிழலைப் போட்டுவிட்டுப் போகிறது.

சம்பளம் எவ்வளவு? வித்தியாசம் எங்கே?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தேர்வு வாரியம் மூலம் நிரந்தரப் பணியில் சேரும் சித்தா உதவி மருத்துவ அலுவலருக்கு ஊதிய நிலை 22. அதாவது 56,100 ரூபாயில் தொடங்கும். ஆங்கில மருத்துவ உதவி மருத்துவருக்கும் அறிவிப்புகளில் அதே நிலைதான். தொடக்கச் சம்பளத்தில் இருவருக்கும் இடையே பாகுபாடு இல்லை.

வித்தியாசம் ஒப்பந்தப் பணியில்தான் வருகிறது. தேசிய சுகாதார இயக்கம், ஆயுஷ் இயக்கம் ஆகியவற்றின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஆட்களை எடுக்கின்றன. சமீப ஆண்டுகளில் வந்த பல மாவட்ட அறிவிப்புகளில் சித்த மருத்துவருக்குத் தொகுப்பூதியம் மாதம் சுமார் 40,000 ரூபாய். மருந்து வழங்குபவருக்கு நாள் ஒன்றுக்கு 750 ரூபாய். பல்நோக்குப் பணியாளருக்கு நாள் ஒன்றுக்கு 300 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரந்தரப் பணியில் அடிப்படைச் சம்பளமே 56,100. ஒப்பந்தத்தில் மொத்தமே 40,000 என்றால், அகவிலைப்படியைச் சேர்க்காமலே மாதம் 16,100 ரூபாய் குறைவு. ஆண்டுக்கு 1,93,200 ரூபாய். இருவரும் படித்தது ஒரே படிப்பு. பார்க்கும் நோயாளியும் ஒரே மாதிரி.

அதோடு இன்னொன்று. இந்த அறிவிப்புகளில் 'பணி முற்றிலும் தற்காலிகமானது, பிற்காலத்தில் நிரந்தரம் செய்யப்படாது' என்ற பொருளில் ஒரு நிபந்தனை கட்டாயம் இருக்கும். அதற்கு ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையில் சேர முடியும். வேலைக்குச் சேரும் முதல் நாளே 'நீ நிரந்தரம் இல்லை' என்று சொல்லிவிட்டால், பத்து வருஷம் கழித்து இந்தப் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

நீதிமன்றங்கள் என்ன சொன்னது?

சம ஊதியம், சம ஓய்வு வயது கேட்டு ஆயுஷ் மருத்துவர்கள் பல மாநிலங்களில் நீதிமன்றம் போனார்கள். தீர்ப்புகள் ஒரே திசையில் வரவில்லை.

• 2021 ஆகஸ்ட்: டெல்லி மாநகராட்சி வழக்கு. ஆயுஷ் மருத்துவர்களுக்கும் ஆங்கில மருத்துவர்களைப் போலவே 65 வயது வரை பணி என்ற பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது இருவருக்கும் பொதுவான வேலை என்பது அங்கே முக்கியமாகப் பார்க்கப்பட்டது.

• 2022 மார்ச்: உத்தராகண்ட் வழக்கு. ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் ஒப்பந்தத்தில் இருந்த ஆயுர்வேத மருத்துவர்களுக்குச் சம ஊதியம் தரலாம் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.

• 2023 ஏப்ரல்: குஜராத் வழக்கு. இங்கே தீர்ப்பு தலைகீழ். எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் அவசரச் சிகிச்சை, பிரேதப் பரிசோதனை போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். ஆயுர்வேத மருத்துவர்கள் அதே வேலையைச் செய்வதில்லை. எனவே சம ஊதியம் கோர முடியாது என்றது நீதிமன்றம். பாரம்பரிய மருத்துவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

• 2025 அக்டோபர்: ஓய்வு வயது உள்ளிட்ட பணி நிபந்தனைகளில் இருவரையும் சமமாக நடத்தலாமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பியது.

ஆக, 'சமமா, இல்லையா' என்ற கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரே பதில் வரவில்லை. இந்த இழுபறியில் வேலை பார்ப்பவரின் மனநிலையும் அப்படித்தான் இருக்கும்.

சம்பளம் கூட்டினால் ஊக்கம் வந்துவிடுமா?

இதற்குப் பதில் தேட அமெரிக்கா வரை போகலாம். ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்துக் கேட்டார்கள். 'வேலையில் எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள்? எப்போது வெறுத்துப் போனீர்கள்?' இரண்டே கேள்விதான். 1959-ல் அது புத்தகமாக வந்தது.

கிடைத்த பதிலில் ஒரு ஆச்சரியம். வெறுப்புக்கான காரணங்களும் சந்தோஷத்துக்கான காரணங்களும் வேறு வேறாக இருந்தன.

வெறுப்பைக் கொடுப்பவை: குறைந்த சம்பளம், பாதுகாப்பில்லாத வேலை, மோசமான மேலதிகாரி, குழப்பமான விதிகள், வசதியில்லாத இடம்.

சந்தோஷத்தைக் கொடுப்பவை: வேலையில் கண்ணெதிரே தெரியும் பலன், பாராட்டு, பொறுப்பு, பதவி உயர்வு, புதிதாகக் கற்பது.

முதல் பட்டியலைச் சரிசெய்தால் வெறுப்பு போகும். ஆனால் ஊக்கம் தானாக வந்துவிடாது. அதற்கு இரண்டாவது பட்டியல் வேண்டும். சோற்றில் கல் இல்லை என்பதற்காக மட்டும் சாப்பாடு ருசியாகிவிடாது இல்லையா, அது போலத்தான்.

இந்தக் கோட்பாட்டின் மீது விமர்சனங்களும் உண்டு. 40,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்குச் சம்பளமே பெரிய ஊக்கம்தான். இருந்தாலும் பணியிடங்களைப் புரிந்துகொள்ள இன்றும் பலர் எடுத்துக்கொள்ளும் முதல் கருவி இது. தாய்லாந்து ஆய்வுகளிலும் இது அடிக்கடி தென்படும்.

தாய்லாந்தில் என்ன செய்தார்கள்?

தாய்லாந்து சுகாதார அமைச்சகத்தில் 2002-ல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று தனித்துறை உருவானது. அங்கே கிராமப்புறங்களில் 'தம்போன்' என்று ஒரு நிர்வாகப் பிரிவு உண்டு. நம் ஊர்க் கணக்கில் சில கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி மாதிரி. அந்த அளவில் இயங்கும் சிறு சுகாதார நிலையங்களிலும் பாரம்பரிய மருத்துவ அலுவலர்கள் வேலை செய்கிறார்கள். உடல் பிடித்துவிடுதல், மூலிகை மூட்டை ஒத்தடம், மூலிகை ஆவி, பிரசவமான தாய்மார்களுக்கான பராமரிப்பு ஆகியவை அங்கே முக்கியச் சேவைகள். 'நுவாட் தாய்' எனப்படும் தாய் மசாஜ் 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஒன்று தோன்றும். நம் சித்தாவில் இதற்கு இணையான தொக்கணம் இருக்கிறது. ஒத்தடம் இருக்கிறது. வர்மம் இருக்கிறது. சித்த மருத்துவம் 32 அக மருந்துகள், 32 புற மருந்துகள் என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. சரக்கு நம்மிடம் குறைவில்லை.

ஆனால் தொக்கணம் கொடுக்க ஒரு படுக்கை வேண்டும், மறைப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், ஆண் - பெண் இருபாலருக்கும் தனித்தனி சிகிச்சை உதவியாளர் வேண்டும். ஒரே அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மருந்து அலமாரி என்று இருக்கும் இடத்தில் டாக்டர் என்ன செய்வார்? சூரணம் எழுதிக் கொடுப்பார். தான் படித்ததில் ஒரு பகுதியை மட்டுமே அவரால் செய்ய முடிகிறது. ஹெர்ஸ்பெர்க் சொன்ன 'வேலையில் பலன் காணும் சந்தோஷம்' இங்கேயே பாதி போய்விடுகிறது.

கடத்தூர் மாதிரி ஊரில் சித்தா ஏன் முக்கியம்?

கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் விவசாயம், கூலி வேலை. குனிந்து நிமிர்ந்து உழைக்கிற ஜனங்களுக்கு வரும் முதல் பிரச்னை இடுப்பு வலி, மூட்டு வலி. அதோடு தருமபுரி மாவட்டத்துக்கென்று ஒரு தனிப் பிரச்னையும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும். கூடிப்போனால் எலும்பும் மூட்டும் இறுகி வலி எடுக்கும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

எல்லா மூட்டு வலியும் ஃபுளோரைடால் வருவதில்லை. அதேபோல ஃபுளோரைடு பாதிப்பைத் தைலம் தேய்த்து மாற்றிவிட முடியாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு முதல் மருந்து. ஆனால் நீண்ட நாள் வலியோடு வாழும் ஒருவருக்கு உட்கார்ந்து பேசவும், தொட்டுப் பார்க்கவும், தைலம், ஒத்தடம், உணவு ஆலோசனை என்று தொடர்ந்து கவனிக்கவும் ஒருவர் வேண்டும். கூட்டம் அலைமோதும் பொது ஓ.பி.யில் அந்த நேரம் கிடைப்பது கஷ்டம். சித்தா அறையில் அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தனியாரிடம் போனால்? வாரத்துக்கு ஒரு தடவை மசாஜ், எண்ணெய், பஸ் செலவு எல்லாம் சேர்ந்து கூலிக்காரர் வீட்டுக்குத் தாங்காது. அரசு அறையில் மருந்து இலவசம். அந்த அறை பூட்டிக் கிடந்தால் ஆயாவுக்கு வேறு வழி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான். அதைச் சீட்டு இல்லாமல் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. சித்த மருத்துவரின் வேலை ஊக்கம் என்ற விஷயம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

சித்த மருத்துவர்கள் உற்சாகமாக இருந்த காலம் எது?

இரண்டு தருணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, 2012. தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசு நிலவேம்புக் குடிநீரை மருத்துவமனைகளில் விநியோகிக்கச் சொன்னது. 9 மூலிகைகள் சேர்ந்த கஷாயம். அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத சித்தா அறைக்கு முன்னால் வரிசை நின்றது.

இரண்டு, 2020. கொரோனா காலத்தில் 15 மூலிகைகள் கொண்ட கபசுரக் குடிநீர் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த பெயரானது. ஏப்ரலில் 'ஆரோக்கியம்' திட்டத்தை அரசு அறிவித்தது. சென்னை வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் சித்தா கொரோனா சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. லேசான அறிகுறி உள்ளவர்களைக் கவனிக்கும் முழுப் பொறுப்பு சித்த மருத்துவர்கள் கையில் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களிலும் இத்தகைய மையங்கள் வந்தன.

சம்பளம் மாறவில்லை. ஆனால் பொறுப்பு வந்தது, அங்கீகாரம் வந்தது, குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஹெர்ஸ்பெர்க்கின் இரண்டாவது பட்டியல் அப்படியே நடந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிலவேம்பு பற்றி 2017-ல் சமூக ஊடகங்களில் பெரிய சண்டையே நடந்தது. 'போதுமான ஆராய்ச்சி எங்கே?' என்று ஒரு தரப்பு கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆய்வு நிறுவனங்கள். ஆனால் அந்தக் கேள்வியின் சூட்டைத் தாங்கியது, கஷாயம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த கிராமத்து சித்த மருத்துவர். தொற்று வந்தால் 'நீங்கள்தான் வேண்டும்', தொற்று போனதும் 'இது வேலை செய்யுமா?' என்று மாறி மாறிக் கேட்டால் யாருக்கும் களைப்பு வரும்.

அறைக்குள் இருக்கும் தடைகள் என்னென்ன?

1. இரண்டு துறை, ஒரு கட்டடம். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. சித்தா பிரிவு இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையின் கீழ். சுவரில் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து நாற்காலி கேட்பது வரை யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வர இடம் இருக்கிறது.

2. மருந்து இருப்பு. நல்ல டாக்டர், நல்ல நோயறிதல் எல்லாம் இருந்தும் மருந்து இல்லை என்றால் நோயாளி திரும்ப வரமாட்டார். சித்தாவில் பல மருந்துகள் 48 நாள், அதாவது ஒரு மண்டலம் என்ற கணக்கில் தொடர்ந்து சாப்பிடச் சொல்லப்படுகின்றன. நடுவில் இரண்டு வாரம் மருந்து கிடைக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

3. ஆள் பற்றாக்குறை. மருந்தாளுநர் இல்லாத நாளில் டாக்டரே சூரணம் மடித்துக் கொடுக்க வேண்டியதுதான். எண்ணிக்கைப் பதிவு, மாதாந்திர அறிக்கை, முகாம் எல்லாம் அவர் தலையிலேயே வந்து விழும்.

4. பக்கத்து அறையோடு பேச்சு இல்லை. ஆங்கில மருத்துவர் ஒரு நோயாளியைச் சித்தாவுக்கு அனுப்புவதும், சித்த மருத்துவர் சர்க்கரை கூடிய நோயாளியை அந்தப் பக்கம் அனுப்புவதும் எழுத்தில் நடக்கும் வழக்கமாக இருந்தால் இருவருக்கும் மரியாதை. அது தனிப்பட்ட பழக்கத்தைப் பொறுத்தே நடந்தால், டாக்டர் மாறியதும் அதுவும் நின்றுவிடும்.

5. மேலே போக வழி குறைவு. மாவட்டத்துக்கு மாவட்ட சித்த மருத்துவ அலுவலர் பதவி எண்ணிக்கை மிகக் குறைவு. அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இரண்டுதான்: பாளையங்கோட்டை, அரும்பாக்கம். அதனால் ஆசிரியர் பணியிடங்களும் அதிகமில்லை. இருபத்தெட்டு வயதில் சேர்ந்தவர் நாற்பத்தைந்திலும் அதே அறையில் அதே மேசையில் இருந்தால், அது அவர் திறமையின் குறை ஆகாது.

மாற்றம் வந்திருக்கிறதா?

கொஞ்சம் வந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு 11 சித்த மருந்துகள் அடங்கிய மகப்பேறு சஞ்சீவித் தொகுப்பு அரசு திட்டமாகவே வந்தது. அகத்தியர் பிறந்த நட்சத்திரத்தை ஒட்டி ஆண்டுதோறும் தேசிய சித்த நாள் கொண்டாடப்படுகிறது. சித்த மருத்துவத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-ல் நிறைவேற்றியது.

ஆனால் விழாவும் மசோதாவும் கடத்தூர் பக்கத்து அறைக்குள் வர நேரம் ஆகும். அதுவரை செலவில்லாமலோ குறைந்த செலவிலோ செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

• சித்த மருத்துவர் இருக்கும் நாள், நேரம், முகாமுக்குப் போகும் நாள் ஆகியவற்றை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது.

• ஓ.பி. எண்ணிக்கையை மட்டும் எண்ணாமல், எத்தனை பேருக்கு வலி குறைந்தது, எத்தனை பேர் முழு மண்டலமும் மருந்து சாப்பிட்டார்கள் என்றும் பதிவு செய்வது. டாக்டருக்குத் தன் வேலையின் பலன் தெரியும். 'ஆதாரம் எங்கே' என்ற கேள்விக்கும் மெல்ல மெல்லப் பதில் சேரும்.

• இரண்டு அறைகளுக்கும் இடையே பரிந்துரைச் சீட்டு.

• ஒப்பந்த மருத்துவர்களின் பணி அனுபவத்துக்கு நிரந்தரத் தேர்வில் மதிப்பு கொடுப்பது பற்றிய தெளிவான முடிவு. இது அரசு மட்டத்தில் எடுக்க வேண்டியது. செலவும் உண்டு.

• நன்றாக இயங்கும் பிரிவுக்குத் தொக்கணத்துக்கும் ஒத்தடத்துக்கும் ஒரு படுக்கையும் உதவியாளரும்.

இதில் நோயாளிகளான நாம் என்ன செய்யலாம்?

போகும் முன் நாளும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சித்த மருந்து தொடங்கியதும் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். நெஞ்சு வலி, திடீரென ஒரு பக்கம் கை கால் இழுப்பது, மூச்சுத் திணறல் போன்றவற்றுக்கு 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். யூடியூபில் பார்த்து பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளை வாங்கிச் சாப்பிடவே கூடாது. அவை பதிவு பெற்ற மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்க வேண்டியவை.

மருந்து இல்லை, டாக்டர் பணியிடம் காலி என்றால் அறையில் இருப்பவரிடம் சண்டை போடுவதில் பலன் இல்லை. அவரும் அதே பிரச்னையில்தான் இருக்கிறார். உடல்நலம் சார்ந்த தகவலுக்கு 104, அரசுத் துறைகள் மீதான புகார், கோரிக்கைகளுக்கு முதல்வரின் முகவரி உதவி மையம் 1100. மனுவாக எழுதினால் 'இத்தனை பேர் கேட்கிறார்கள்' என்பது கோப்பில் ஏறும். அந்தக் கோப்பு சித்த மருத்துவருக்கும் பலம்தான்.

வலி குறைந்தால் அடுத்த முறை போகும்போது அதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "போன தடவை குடுத்த தைலம் நல்லா கேட்டுச்சுங்க சார்" என்று ஆயா சொல்லும் அந்த ஒரு வரி 40,000-ஐ 56,100 ஆக்காது. ஆனால் மறுநாள் காலை அந்த அறையைத் திறக்க வருகிறவருக்கு அது வேண்டும். மீதியை அரசு செய்ய வேண்டும்.